பெயர் கூப்பிடாத வெள்ளிக்கிழமை

என் புருஷன் தஸ்நேவிஸைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள் விடியற்காலையில், எங்கள் அடுப்படியில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து அவர் குரல் "உள்ளேன் ஐயா" என்றது. நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், மாமி, அவர் அம்மா, அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம், டிரம்மும் சுவரும்தான் இருந்தன. மாமி களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே கீழே வைத்துவிட்டு, "இருக்கான்" என்று மட்டும் சொன்னாள்.

அவரைப் பிடித்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் சிலுவைத்துறைக் கடலுக்குள் சாயப்பட்டறைத் தண்ணீரை விடக் குழாய் போடப்போகிறோம், ஊர்க்காரர்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அது சுத்திகரித்த தண்ணீர், மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று அதிகாரி ஒருவர் படம் போட்டுக் காட்டி முடித்ததும், பின்வரிசையில் இருந்த இவர் எழுந்து, "சார், அதுல ஒரு டம்ளர் கொண்டாந்திருக்கியளா? பாதிய நீங்க குடிங்க, மீதிய நான் குடிக்கேன்" என்றார். மண்டபம் சிரித்தது, பெண்கள் பக்கம் ரொம்ப நேரம் சிரித்தது. கோஷம் போட்டவர்களை விட்டுவிட்டார்கள், சிரிக்க வைத்தவரைத்தான் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் போய்க் கேட்டால் அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள், ஜெயிலில் கேட்டால் அப்படிப் பெயரே இல்லை என்றார்கள், ஜீப்பில் ஏற்றியதை ஊரே பார்த்தது என்று சொன்னால் எந்த ஊர் என்று கேட்டார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், அடுப்படி மறுபடியும் "உள்ளேன் ஐயா" என்றது, மறுநாள் விடியற்காலையிலும் சொன்னது, அதற்கப்புறம் காலையும் மாலையும் தவறாமல் சொன்னது. என்ன கேட்டாலும் வேறு பதில் கிடையாது. சாப்பிட்டானா என்று மாமி கேட்டாள், அடிக்கிறார்களா என்று நான் கேட்டேன், டிரம் பேசாமல் இருந்தது. பக்கத்து வீட்டுச் சந்தியாகு அண்ணன், வலைத் தகராறில் ஒருமுறை உள்ளே போய் வந்தவர், சுவரோரம் குந்தியிருந்து கேட்டுவிட்டு எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

"காலையில ஒருதரம், அடைக்கிறதுக்கு முன்ன ஒருதரம், வரிசையா உக்கார வச்சுப் பேர் கூப்புடுவான் தாயி. கூப்புட்டா சொல்லணும். இது அதுதான். வாய் அங்க இருக்கு, சத்தம் இங்க வருது."

"ஏன் இங்க வருது?" என்றாள் மாமி.

"பின்ன எங்க போவும்?" என்றார் அண்ணன். அந்த விளக்கம் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது.

நான் படித்தது கான்வென்ட். அங்கே பெயர் கூப்பிட்டால் 'ப்ரெசென்ட் சிஸ்டர்' என்றுதான் சொல்லவேண்டும், தமிழில் வாய் திறந்தால் முழங்காலில் நிற்கவேண்டும். அவர் படித்தது கடற்கரைப் பஞ்சாயத்துப் பள்ளி, அங்கேதான் 'உள்ளேன் ஐயா'. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்த பெரிய சாரே ஒருநாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார், கேட்டு முடித்ததும், "படிக்கிற காலத்துல வாரத்துக்கு ரெண்டு நாள் சொல்லியிருப்பான், மிச்ச நாள் கடல்ல கிடப்பான், இப்பப் பாருங்க ஒரு நாளும் லீவு இல்ல" என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார், நாங்கள் கொடுத்த காப்பியைக் குடிக்க மறந்துவிட்டுப் போனார்.

தெரு அந்தக் குரலுக்குப் பழகிக்கொண்டது. முதல் வாரம் ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள், இரண்டாவது வாரம் அவரவர் வீட்டிலிருந்தே கேட்டார்கள், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டு அதை வைத்து வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். தஸ்நேவிஸ் சொல்வதற்கு முன்னால் குழாயடியில் குடம் போட்டவர்களுக்குத்தான் தண்ணீர், சொன்ன பிறகு வருபவர்கள் மறுநாள்தான் வரவேண்டும் என்று பெண்கள் சட்டம் போட்டார்கள். "சொல்லியாச்சு, இன்னும் என்னல படுக்கை?" என்று வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்களை எழுப்பினார்கள். சாயங்காலக் குரலுக்கு முன்னால் வீட்டுக்கு வராத பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. நல்லெண்ணெய் வாங்கிவந்து டிரம்முக்குப் பக்கத்தில் விளக்கு வைக்க வந்தவர்களை மாமி துரத்திவிட்டாள். பங்குச்சாமியாரிடம் போய்த் தீர்த்தம் தெளிக்கலாமா என்று கேட்டதற்கு அவர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "செத்தவன் குரல்னா அதுக்கு ஜெபம் இருக்கு, புனிதர் குரல்னா அதுக்கும் இருக்கு, ஒரு மனுஷன் தன் பேருக்குப் பதில் சொல்றதுக்கு எங்க புத்தகத்துல ஒண்ணும் இல்லம்மா" என்றார், ஆனால் காலைப் பூசை மணியை மட்டும் குரல் வந்த பிறகே அடிக்கச் சொன்னார்.

இப்படியே போயிருக்கும், எனக்குப் பயமும் கொஞ்சம் பழகியிருக்கும். வக்கீலம்மா மங்கையற்கரசிதான் மனுப் போடலாம் என்று சொன்னார். "இதுக்குப் பேரு ஆட்கொணர்வு மனு. ஆள் நல்லவனா கெட்டவனா, குத்தம் செஞ்சானா செய்யலையா, எதையும் கேக்காது. ஆளைக் கொண்டுவந்து காட்டு, அவ்வளவுதான் கேக்கும். உங்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு தங்கச்சி?" என்றார். எங்களிடம் இருந்த ஆதாரம் அடுப்படியில் இருந்தது. அதையே எழுதினோம், தெருவே சாட்சிக் கையெழுத்துப் போட்டது.

அதுதான் தப்பாகப் போனது. மனு போன மூன்றாம் நாள் விடியுமுன்னே போலீஸ் வந்து வீட்டைக் கவிழ்த்தார்கள், கட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள், டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள், இன்ஸ்பெக்டர் அடுப்படி வாசலில் நின்று, "புருஷனை ஒளிச்சு வச்சிருந்தா உன்னையும் தூக்கிருவோம், பிள்ளையை யார்கிட்ட விடுவேன்னு யோசிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நேரம் வந்து, ஈரச் சுவரிலிருந்து அவர் குரல் "உள்ளேன் ஐயா" என்றது. கூட வந்த இளவயதுக் கான்ஸ்டபிள், பழக்கதோஷத்தில், "ம், அடுத்து" என்றான். இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அந்த 'அடுத்து'வைப் பற்றி அவர்கள் அறிக்கையில் ஒன்றும் இல்லை. குரல் கேட்டது மட்டும் இருந்தது: மனுதாரரின் வீட்டுக்குள் மனுதாரரின் கணவர் குரல், காவல்துறையினர் காதால் கேட்டது. ஆள் வீட்டில் இருக்கிறான், மனு பொய் மனு என்று ஹைகோர்ட் தள்ளுபடி செய்தது, நீதிமன்ற நேரத்தை வீணாக்கியதற்காக என் மேல் வழக்குப் போடலாம் என்றும் தீர்ப்பின் கடைசியில் ஒரு வரி இருந்தது.

அந்த வரியைப் படித்த பிறகு நான் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை, குளிக்கும்போதுகூட மாமி கையில் கொடுத்துவிட்டு கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளித்தேன். மேலே போகவேண்டாம், அவர் குரலாவது வருகிறதே, இதுவும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று வக்கீலம்மாவிடம் சொன்னேன். மாமிதான் குறுக்கே விழுந்தாள். "ஏ செலஸ்டி, சத்தத்துக்கு எத்தன நாள் சோறு பொங்குவ?" என்றாள். அவளுக்கு ரயிலென்றால் தலை சுற்றும், அவள் அடுப்படியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எங்களை அனுப்பிவைத்தாள்.

தலைநகரத்தில் உச்ச நீதிமன்றம் அரண்மனை மாதிரி இருந்தது, தரையில் என் செருப்புச் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. மூன்று நீதிபதிகள், நடுவில் இருந்தவருக்கு ஜலதோஷம், அடிக்கடி கைக்குட்டையை எடுத்தார். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது, எனக்கு எல்லாம் புரிந்தது, புரியாமல் இருந்தால் தேவலாம்போல இருந்தது. அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று நடுநீதிபதி கேட்டார். தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுந்தார், தாத்தா காலத்திலேயே அங்கே போய்க் குடியேறிய குடும்பம்போல, மரியாதையான மனிதர், நோட்டைப் பார்த்து, 'நான் உள்ளே இருக்கிறேன், ஐயா' என்று அர்த்தம் வருகிற மாதிரி இங்கிலீஷில் சொன்னார்.

"எதற்குள்ளே?" என்றார் நீதிபதி.

"வீட்டுக்கு உள்ளே" என்று அரசாங்க வக்கீல் உட்கார்ந்தபடியே சொன்னார். கோர்ட்டு லேசாகச் சிரித்தது. "அந்த மனிதரே காலையும் மாலையும் வாக்குமூலம் கொடுக்கிறார், கனம் நீதிபதி அவர்களே. இதற்குமேல் அரசு என்ன சொல்ல இருக்கிறது?"

நீதிபதிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பேனாவை எடுத்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். கேட்காமல் பேசினால் முழங்காலில் நிற்கவேண்டும் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன், பிள்ளை என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, வக்கீலம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். சிஸ்டர்மார் அடித்துச் சொல்லிக்கொடுத்த அந்த இங்கிலீஷில் நான் சொன்னேன்: அவர் உள்ளே இருக்கிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மரத்தடியில் வகுப்பு நடந்தாலும் பிள்ளைகள் உள்ளேன் என்றுதான் சொல்லும். அதற்கு உள்ளேயும் கிடையாது வெளியேயும் கிடையாது. இருக்கிறேன் என்று அர்த்தம்.

மொழிபெயர்ப்பாளர் காது சிவந்து, அப்படியும் சொல்லலாம் என்றார்.

"இருக்கிறேன் என்றால் வீட்டில் இருக்கிறேன் என்றும்தானே ஆகும்?" என்றார் அரசாங்க வக்கீல்.

நடுநீதிபதி கைக்குட்டையை இறக்கினார். என்னைப் பார்த்துக் கேட்டார், "அம்மா, உங்கள் வீட்டில் அவர் யாரை ஐயா என்று கூப்பிடுவார்?"

"யாரையும் இல்லை" என்றேன். "செத்துப்போன அவர் அப்பாவையே 'ஏ பாவுலு' என்றுதான் கூப்பிடுவார். சாமியாரைச் சாமி என்பார். வீட்டில் இருப்பது நான், என் மாமி, இந்தப் பிள்ளை."

கோர்ட்டு மறுபடியும் சிரித்தது, ஆனால் நீதிபதி சிரிக்கவில்லை. பேர் கூப்பிடாமல் ஒருவன் இதைச் சொல்வானா என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார், சொல்லமாட்டான் என்று அவர் உடனே, நோட்டைப் பார்க்காமல் சொன்னார். "அப்படியென்றால் எங்கேயோ ஒரு ஐயா இருக்கிறார்" என்றார் நீதிபதி. "ஆளைக் கொண்டுவருவது இருக்கட்டும், முதலில் ஐயாவைக் கண்டுபிடிப்போம்." அப்புறம் பக்கத்திலிருந்தவர்களோடு குனிந்து பேசிவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை விடியற்காலை முதல் மறுநாள் விடியும்வரை, இந்த நாட்டின் எந்தச் சிறையிலும், எந்தக் காவல் நிலையத்திலும், எந்த முகாமிலும், எந்தப் படையிலும், எந்தப் பள்ளியிலும், ஐயா என்று பதில் வாங்குகிற எவரும் எவர் பெயரையும் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அரசாங்க வக்கீல் பதறி எழுந்தார். "பெயர் கூப்பிடாவிட்டால் கைதிகள் இருக்கிறார்களா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் இந்த அம்மாவும் கேட்கிறார்" என்றார் நீதிபதி.

ரயிலில் வக்கீலம்மா சந்தோஷமாக வடை வாங்கிச் சாப்பிட்டார். "வசமா மாட்டினாங்க தங்கச்சி. வெள்ளிக்கிழமை குரல் வந்துச்சுன்னா, உத்தரவை மீறி எவனோ பேர் கூப்பிட்டிருக்கான். வரலேன்னா, உத்தரவுக்குப் பயந்து எவனோ கூப்பிடல. எப்படிப் பார்த்தாலும் ஒருத்தன் இருக்கான்னு ஆயிருச்சு." நான் தலையாட்டினேன். குரல் வராமல் இருப்பதற்கு மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது, எனக்குத் தெரிய வேண்டாம் என்று வடையை என் கையில் திணித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நாட்டில் யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடங்களில் வாத்தியார்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளைகள் வாத்தியார்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன, ஆஸ்பத்திரியில் நர்சுகள் கட்டில் கட்டிலாகப் போய்க் காலைத் தொட்டு எழுப்பினார்கள், பட்டாளத்துக்காரர்கள் மைதானத்தில் நின்றுகொண்டே இருந்தார்கள், உத்தரவு வீடுகளுக்கு இல்லை என்றாலும் எதற்கு வம்பு என்று வீடுகளிலும் ஏங்க, இந்தாங்க, அடியே என்றே காலம் தள்ளினார்கள். ஊருக்குத் திரும்பியிருந்த எங்களைச் சுற்றி, விடியுமுன்னே, முதல் வாரத்தில் வந்தது மாதிரி தெரு முழுக்க அடுப்படியிலும் வாசலிலும் வந்து நின்றது. வள்ளங்கள் போகவில்லை. கிழக்கு வெளுத்தது. குரல் வருகிற நேரம் வந்தது, நின்றது, போனது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது, அதை யாரும் துடைக்கவில்லை.

ஒரு குரலுக்காக அவ்வளவு பேர் காது கொடுத்துக்கொண்டிருந்ததில், கடல் சத்தம் அடுப்படிக்குள்ளேயே கேட்டது. அப்போது மாமி, இத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மாமி, சிலுவை போட்டுக்கொண்டு, "நித்திய இளைப்பாற்றியை" என்று மரித்தவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்கினாள். நான் என் கையால் அவள் வாயைப் பொத்தினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் எதிரே குரல்கூட உயர்த்தியதில்லை. அவள் என் உள்ளங்கைக்குள்ளே அந்த ஜெபத்தை முழுசாகச் சொல்லி முடிப்பதை என் கை உணர்ந்தது, முடிக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. "உத்தரவு இருக்குல்லா மாமி, இன்னைக்குக் கூப்புட மாட்டாங்கல்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சாயங்காலமும் குரல் வரவில்லை. ஒருவரும் சமைக்கவில்லை, குழாயடியில் தண்ணீர் வந்து அதுபாட்டுக்கு ஓடியது.

சனிக்கிழமை விடிந்தது, அடுப்படிச் சுவர், மூக்கடைத்தாற்போல, கொஞ்சம் சலிப்போடு, "உள்ளேன் ஐயா" என்றது.

தெரு எழுப்பிய சத்தத்தில் கோயில் புறாக்கள் எல்லாம் கடல் பக்கம் பறந்தன. சந்தியாகு அண்ணன் டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏல, ஒருநாள் லீவு போட்டு எங்கள எல்லாம் கொன்னுட்டியேல" என்று திட்டினார். மாமி என் கையைப் பிடித்து, நேற்று வாயைப் பொத்திய அந்த உள்ளங்கையில் முத்தம் கொடுத்தாள்.

அடுத்த விசாரணையில் நடுநீதிபதிக்கு ஜலதோஷம் சரியாகியிருந்தது. நீதிமன்ற உத்தரவு எவனுக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது, அவன் அதற்குக் கீழ்ப்படிந்தும் இருக்கிறான், தன்னிடம் இல்லாத ஆளின் பெயரைக் கூப்பிடுவதை நிறுத்த எவனாலும் முடியாது, ஆகவே அவன் கீழ்ப்படிந்ததே அவன் ஒப்புக்கொண்டது என்று எழுதி வாசித்தார். அரசாங்க வக்கீல் இந்தமுறை எழுந்து நிற்கவில்லை. சில நாளில், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சாமான் கிடங்கில் அப்படி ஒருவர் 'தவறுதலாக' இருப்பது தெரியவந்ததாகச் சொல்லி, ஒரு வேனில் கொண்டுவந்து கோர்ட்டு முன்னால் நிறுத்தினார்கள். பாதி ஆளாக இருந்தார், விலங்கு உரசி மணிக்கட்டைச் சுற்றி ரோமம் இல்லை, பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது. அவர் விடுவிக்கப்பட்டார். கிடங்கில் பெயர் கூப்பிட்ட ஐயா யார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படி பேசவில்லை. தெருவில் ஒரு வாரம் எல்லாரும் நேரம் கழித்து எழுந்தார்கள், தண்ணீர்ச் சண்டை மறுபடியும் வந்தது, பூசை மணி தடுமாறியது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன், யாரும் பேசிவைத்துக்கொள்ளாமலே தெருவில் அவர் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார்கள், தூரத்தில் இருந்தால் கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டு அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள், மாமிகூட, பெற்றவள், மீன் கூடையைத் தூக்கிவிட ஆள் வேண்டுமென்றால் தானே கஷ்டப்பட்டுத் தூக்கினாள். பெயரைக் கூப்பிட்டால் அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை. அவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கேட்கவில்லை, மனுஷர் திரும்பி வந்துவிட்டார் என்று ஊர் சொன்னது, எனக்கு மட்டும் இன்னும் பாதி வழியில் எங்கேயோ நிற்கிற மாதிரி இருந்தது.

ஒருநாள் மத்தியானம் நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன், அவர் வெளியே வேப்பமரத்தடியில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார், எதிர்வீட்டில் பெண்கள் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடை பழகுகிற பிள்ளை, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தது. என் ஒரு கையில் சட்டி, ஒரு கையில் கரண்டி. நான் யோசிக்கவில்லை, "தஸ்நேவிஸ்!" என்று கத்திவிட்டேன்.

எதிர்வீட்டுப் பெண்கள் கையை அப்படியே தலையில் வைத்தபடி நின்றுபோனார்கள். தெருவில் எவரோ சைக்கிளை நிறுத்தினார்கள். காலால் பிள்ளையைத் தடுத்துக்கொண்டு, எண்ணெய் கையில் தெறிப்பதுகூடத் தெரியாமல், நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வலையைப் போட்டுவிட்டு வந்தார், குனிந்து பிள்ளையைத் தூக்கினார், தூக்கிக்கொண்டே என்னை முறைத்தார்.

"என்னளா? இங்கதான இருக்கேன், எதுக்குக் கத்துத?"